பள்ளிச் சீருடை: துணி எடுப்பது முதல் மடிப்புப் பிரிப்பது வரை

ஆறு வயதுக்கு மேல் ஒரு பிள்ளை வருஷத்துக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும். இன்ச் கணக்கில் இரண்டுக்குக் கொஞ்சம் மேல். பருவ வயதில் வேகமாக வளரும் ஒன்றிரண்டு வருஷங்களில் பையன்கள் 9, 10 சென்டிமீட்டர்கூட ஏறிவிடுவார்கள். ஜூனில் கணுக்காலைத் தொட்ட பேன்ட் பொங்கல் லீவு முடிந்து போகும்போது சாக்ஸ் தெரிய நிற்பது இதனால்தான். இதற்குத் தீர்வு இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, பிள்ளையைத் தொளதொளவென்று அனுப்புவது அல்ல. அளவாகத் தைத்து, வளர்ச்சிக்கான துணியை உள்ளே ஒளித்து வைப்பதுதான் சரி. அப்படி விட்டுத் தைத்த பேன்ட் இரண்டு வருஷம் வரும். விடாமல் தைத்தது, துணி எவ்வளவு நல்லதானாலும், ஒரே வருஷத்தில் பாத்திரக்காரனுக்குத்தான் போகும்.

சட்டை அப்படியல்ல. சட்டையில் முதலில் பற்றாமல் போவது சோல்டர். சோல்டரைப் பிரித்துப் பெரிதாக்க வழியே இல்லை. ஆகவே காசைப் பேன்ட், ஸ்கர்ட் துணியில் போடுங்கள். சட்டைக்கு நடுத்தர விலைத் துணி போதும், எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எத்தனை செட் எடுக்க வேண்டும்

வாரத்தில் ஐந்து நாள் பள்ளி. பெரும்பாலான தனியார் பள்ளிகளில் அதில் ஒரு நாள் வெள்ளைச் சீருடையோ ஹவுஸ் டி-ஷர்ட்டோ. மீதி நாலு நாள். சட்டையைத் தினமும் துவைத்தாக வேண்டும், பேன்ட் இரண்டு நாள் தாங்கும். மூன்று சட்டை, இரண்டு பேன்ட், ஒரு வெள்ளை செட் என்றால் மழை நாளிலும் ஈரத் துணியைப் போட்டு அனுப்ப வேண்டியிராது. வால்பாறை மாதிரி ஆடி, ஆவணியில் துணி காயாத ஊர் என்றால் மட்டும் ஒரு பேன்ட் கூட வையுங்கள்.

துணி எடுக்கப் போகும் முன் பள்ளியில் நாலு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இந்த வருஷம் நிறமோ கட்டமோ மாறுகிறதா, எந்த வகுப்பிலிருந்து முழு பேன்ட் அல்லது சுடிதார், சட்டையை இன் செய்ய வேண்டுமா, ஷூ கறுப்பா வெள்ளையா எந்தெந்த நாளில். ஐந்திலிருந்து ஆறு, எட்டிலிருந்து ஒன்பது, பத்திலிருந்து பதினொன்று போகும் பிள்ளைகளுக்குத்தான் சீருடை மாறும் வாய்ப்பு அதிகம். அந்த மாதிரி வருஷத்துக்கு முந்தைய வருஷம் புதுசு எடுப்பதைக் குறைத்து, இருப்பதைப் பிரித்துவிட்டு ஓட்டுவதே நல்லது. நிறத்தைப் பேர் சொல்லி வாங்காதீர்கள். 'மெரூன்' என்று பத்துக் கடையில் கேட்டால் பத்து மெரூன் வரும். பழைய சீருடையின் உள்மடிப்பிலிருந்து, வெயில் படாத பக்கத்தில், இரண்டு இன்ச் துண்டு வெட்டி எடுத்துப் போய்க் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிவது பள்ளி அசெம்பிளியில் தனியாகத் தெரியும்.

பள்ளியிலேயேதான் வாங்க வேண்டும் என்று சொன்னால்? சி.பி.எஸ்.இ. 2017 ஏப்ரலில் தன் கீழ் உள்ள பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பாடப் புத்தகம், சீருடை போன்றவற்றைப் பள்ளியிலோ குறிப்பிட்ட கடையிலோ வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. சண்டை போட வேண்டியதில்லை. "துணியாகக் கொடுத்தால் நாங்களே தைத்துக்கொள்கிறோமுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பல பள்ளிகள் துணியாகவே தருகின்றன.

துணி

நம் கொங்குப் பக்கம் துணிக்குப் பஞ்சமில்லை. ஈரோட்டில் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். ஈஸ்வரன் கோவில் வீதிக் கடைகளில் 'தான்' எனப்படும் முழுச் சுருளாகவும் மீட்டராகவும் கிடைக்கும். கோவையில் ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி. மூன்று நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே தானில் வெட்டி வாங்கினால் விலையும் படியும், ஷேடும் ஒன்றாக இருக்கும். தான் மாறினால் சாயமிட்ட லாட் மாறும், லாட் மாறினால் ஷேடு மாறும். மேல் கோட்டு, ஸ்கர்ட், பெல்ட் மூன்றும் ஒரே நிறமாக இருக்க வேண்டிய பள்ளி என்றால் மூன்றையும் ஒரே நாளில், ஒரே தானில் எடுங்கள்.

பேன்ட், ஸ்கர்ட்டுக்கு வருவது பெரும்பாலும் பாலியஸ்டரும், மரக்கூழ் நூலான விஸ்கோஸும் கலந்த துணி, 65-க்கு 35 என்ற கணக்கில். கசங்காது, மடிப்பு நிற்கும், சாயம் போகாது. சட்டைக்குப் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது, பெரியவர்கள் டெரிகாட்டன் என்பார்கள், 67-க்கு 33 பொதுவாகக் கிடைக்கும். பருத்தி கூடக் கூட உடம்புக்குக் குளுமை, ஆனால் சுருக்கம் விழும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும், வேர்க்குரு வரும் பிள்ளைகளுக்கும் பருத்தி கூடுதலாக உள்ளதையே எடுங்கள். ஈரோடு, கரூர் வெயிலில் முழு பாலியஸ்டர் சட்டையைப் போட்டு எட்டு மணி நேரம் உட்கார வைப்பது பிள்ளைக்குக் கொடுமை. இஸ்திரி மிச்சமாகும் என்பதற்காக அதைச் செய்யாதீர்கள்.

கடைக்காரர் சொல்லும் கலவையை நம்ப வேண்டியதில்லை. துணி ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நாலு, குறுக்கே ஓடும் ஊடை நூல் நாலு உருவித் தனித்தனியாகத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி, விஸ்கோஸ் இரண்டும் காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணியாகும். இரண்டும் கலந்தது எரிந்தபின் சாம்பலுக்குள் நெருடும். மணி மட்டுமே மிஞ்சினால் அது முழு பாலியஸ்டர், என்ன பேர் சொல்லி விற்றாலும் சரி.

சாயத்துக்கு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, துணியில் அழுத்திப் பத்துத் தடவை தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் வெள்ளைச் சட்டையிலும் ஏறும். கருநீலம், மெரூன், கரும்பச்சைப் பருத்தித் துணிகளில் இது நிச்சயம் பார்க்க வேண்டியது.

எவ்வளவு வாங்குவது என்பது பன்னாவை, அதாவது துணியின் அகலத்தைப் பொறுத்தது. பேன்ட் துணி பெரும்பாலும் 58 இன்ச் பன்னா. இதில் பிள்ளைகள் பேன்ட்டின் நாலு துண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிடும், எனவே பேன்ட் நீளத்தோடு 5 இன்ச் சேர்த்தால் போதும். 32 இன்ச் பேன்ட்டுக்கு 37 இன்ச், அதாவது ஒரு மீட்டருக்குள். 38 இன்ச் பேன்ட்டுக்கு 1.10 மீட்டர். சட்டைத் துணி 36 பன்னா என்றால் சட்டை நீளம் இரண்டு மடங்கு, கை நீளம் ஒரு மடங்கு, அதோடு 10 இன்ச். சட்டை நீளம் 24, அரைக்கை 8 என்றால் 66 இன்ச் வரும், 1.75 மீட்டர் எடுங்கள். அதே சட்டை 58 பன்னாவில் ஒரு மீட்டரில் முடியும். கட்டம் போட்ட துணிக்குப் பாக்கெட்டிலும் முன்பட்டியிலும் கட்டம் சேர வேண்டும், ஒரு கட்டத்தின் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வாங்குங்கள்.

பருத்தி கலந்த துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் 100-க்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 24 இன்ச் சட்டையில் அது ஒரு இன்ச். தையல்காரர் மேல் பழி போடும் பல சட்டைகள் உண்மையில் தண்ணீரில் சுருங்கியவை.

அளவும் தையலும்

முழுப் பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசிக்குள், துணியைக் கொடுத்துவிடுங்கள். மே இரண்டாம் வாரத்துக்குமேல் எந்தத் தையல் கடையிலும் மூட்டை மூட்டையாகச் சீருடைதான் கிடக்கும். அவசரத்தில் தைப்பதில் உள்துணி விடுவதெல்லாம் நடக்காது, நூல் பிரியாமலிருக்க ஓவர்லாக் மிஷினில் அடித்த ஓரம் ஒட்டி வெட்டிப் போட்டுவிடுவார்கள். அளவுக்குப் பழைய பேன்ட்டைக் கொடுத்தனுப்பாமல் பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.

பேன்ட்டுக்கு ஷூ போட்டபடி நீளம், இடுப்பு, சீட், தொடை, பாட்டம் எடுக்க வேண்டும். இடுப்பில் டேப்புக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். சீட்டுக்கு 3 இன்ச் லூஸ் கொடுங்கள். கவட்டை கிழிவதுதான் பையன்கள் சீருடையில் முதலாவது தொல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்காரும் பள்ளிகளில் அது இன்னும் அதிகம். காரணம் சீட் இறுக்கம், பின் கவட்டை உயரம் குறைவு, ஒற்றைத் தையல் மூன்றும் சேர்வது. பின்பக்க உயரத்தில் அரை இன்ச் முதல் ஒரு இன்ச் வரை கூட விடச் சொல்லுங்கள். கவட்டைத் தையலை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தரம் ஓட்டச் சொல்லுங்கள்.

தையல்காரரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணா, கீழே மூணு இன்ச் மடிச்சு கையில எம்மிங் பண்ணிருங்க. பின்னாடி ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இன்ச் விட்டுத் தைங்க. பட்டியை நடு முதுகுல இணைப்பு வெச்சுத் தைங்க." எம்மிங் என்றால் மடித்த ஓரத்தைக் கை ஊசியால் தைப்பது. மூன்றாவதாகச் சொன்ன பட்டி விஷயம்தான் பலருக்குத் தெரியாது. வாங்கும்போது பேன்ட்டைப் புரட்டிப் பின் நடுத் தையலைப் பாருங்கள். மேலே இடுப்புப் பட்டி முழுசாக ஒரே துண்டாக ஓடினால், அதற்குக் கீழே இரண்டு இன்ச் துணி விட்டிருந்தும் பயனில்லை. பட்டி பெரிதாகாமல் இடுப்பு பெரிதாகாது. பட்டியும் அதே இடத்தில் இணைந்து, பின் தையலோடு ஒரே கோட்டில் பிரிக்கும்படி இருந்தால், அடுத்த வருஷம் பத்து நிமிஷ வேலையில் இடுப்பு இரண்டு இன்ச் கூடிவிடும்.

கீழ் மடிப்பிலும் ஒரு நுணுக்கம். பாட்டம் குறுகலாகக் கேட்கும் பிள்ளைக்கு மூன்று இன்ச் மடித்தால், மடித்த விளிம்பு சிறியதாகவும் மேலே கால் பெரியதாகவும் இருக்கும். இழுத்துப் பிடித்துச் சுருக்கம் விழும். ஆகவே கீழ் 6 இன்ச்சை மட்டும் குறுக்காமல் நேராக வெட்டச் சொல்லுங்கள். இரட்டை மடிப்பாக மடிக்க வேண்டாம், தடித்துப்போய்க் கணுக்காலில் உரசும். ஓரத்தில் ஓவர்லாக் அடித்து ஒற்றை மடிப்பாக மடித்துக் கை எம்மிங் செய்தால் போதும். மிஷினில் அடித்த மடிப்பைப் பிரித்தால் ஊசி ஓட்டை வரிசையாக நின்றுவிடும், அது எந்த இஸ்திரிக்கும் போகாது.

சட்டைக்கு மார்புச் சுற்றோடு 4 இன்ச் லூஸ், பக்கத் தையலில் ஒவ்வொரு புறமும் ஒரு இன்ச் உள்துணி, கையின் மடிப்பு ஒன்றரை இன்ச். சோல்டரில் மொத்தமாக ஒரு இன்ச்சுக்குமேல் கூட்ட வேண்டாம், தோளைத் தாண்டித் தொங்கும். இன் செய்யும் பள்ளி என்றால் நீளத்தில் 2 இன்ச் கூட்டுங்கள். கையைத் தூக்கினால் சட்டை பேன்ட்டை விட்டு வெளியே வரக் கூடாது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டும் பியூசிங் துணி மட்டமாக இருந்தால் நாலு துவைப்பில் கொப்பளம் கொப்பளமாகத் தூக்கும், நல்லதாகப் போடக் கேட்டு அதற்கான காசைக் கொடுங்கள். தையல் ஒரு இன்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்க வேண்டும். எண்ணிப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாப் பட்டனையும் வந்த அன்றே வீட்டில் ஒரு தரம் ஊசி நூல் கொண்டு உறுதிப்படுத்திவிடுங்கள். மிஷினில் வைத்த பட்டன் நூல் முனையைப் பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வரும்.

ஸ்கர்ட்டும் காற்றும்

மடிப்பு ஸ்கர்ட்டுக்குத் துணி இடுப்பைப்போல் மூன்று மடங்கு வேண்டும். வெளியே ஒரு இன்ச் தெரியும் மடிப்புக்கு உள்ளே இரண்டு இன்ச் போகும் என்பதுதான் கணக்கு. இடுப்பு 24 என்றால் 72, தையலுக்கு 2, ஆக 74 இன்ச். 58 பன்னாவில் ஒரு அகலம் போதாது, ஒட்டுப்போட வேண்டும். ஸ்கர்ட் நீளம் 20, கீழ் மடிப்பு 4, மேலே 1, மொத்தம் 25. இரண்டு அகலத்துக்கு 50 இன்ச், பட்டிக்கு 3, ஆக 1.35 மீட்டர் எடுங்கள். சிலர் 70 சென்டிமீட்டர் துணியில், ஒரே பன்னாவில் முடித்துத் தருகிறார்கள். அதில் மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, பிள்ளை உட்கார்ந்ததும் விரிந்து, ஒரு மாதத்தில் மடிப்பு இருந்த இடமே தெரியாது.

இரண்டு ஸ்கர்ட் தைப்பவர்கள் துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டினால் 1.90 மீட்டரில் இரண்டும் அடங்கும், நேராக வெட்டினால் 2.70 ஆகும். மிச்சம் கவர்ச்சியாகத்தான் தெரியும். ஆனால் பாவு நூல் மேலிருந்து கீழாக ஓடினால்தான் மடிப்பு நேராகத் தொங்கும், குறுக்கில் வெட்டியது பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த மிச்சம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜூன் முதல் ஆடி, ஆவணி வரை பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், கோவைப் பக்கம் என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளி திறப்பதும் அதே காலம். பஸ் ஸ்டாப்பில் புத்தக மூட்டையோடு நிற்கும் பெண் பிள்ளை ஒரு கையால் ஸ்கர்ட்டைப் பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது. மடிப்புகளை இடுப்பிலிருந்து 4, 5 இன்ச் கீழ் வரை தைத்தே விடச் சொல்லுங்கள். நாலு இன்ச் கீழ் மடிப்பு கனத்துக்கும் உதவும். உள்ளே முட்டிக்கு மேல் நிற்கும் பருத்தி ஷார்ட்ஸ் ஒன்று எல்லா வயதிலும் போடப் பழக்குங்கள், விளையாட்டுக்கும் தடையிராது. கொக்கியின் கண்ணியை ஒன்றரை இன்ச் இடைவெளியில் இரண்டு இடத்தில் வைத்துவிட்டால் இடுப்பு வளரும்போது கொக்கியை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

சுடிதாரில் மார்புக்கு 4 இன்ச் லூஸ், பக்கத் தையலில் ஒரு இன்ச் உள்துணி. பக்கத் திறப்பு தொடங்கும் இடத்தில் மூன்று நாலு தரம் ஓட்டித் தையுங்கள், கிழிசல் அங்கேதான் தொடங்கும். துப்பட்டா கட்டாயமான பள்ளி என்றால், தினமும் பின் குத்த வேண்டாம். மடிப்புகளை நாலு விரல் அகலத்துக்கு அடுக்கி, தோளில் அமரும் இரண்டு இடத்திலும் நிரந்தரமாகத் தைத்து, உள்ளே பிரஸ் பட்டன் வைத்துவிடுங்கள். காலையில் ஐந்து நிமிஷம் மிச்சம், பின் குத்திய ஓட்டையும் விழாது. சைக்கிளில் போகும் பிள்ளைக்குத் தொங்கும் நுனி சக்கரத்தில் சிக்கும் ஆபத்து உண்டு. பதினோராம் வகுப்பில் அரசு சைக்கிள் வாங்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனியுங்கள். இரண்டு நுனியையும் இடுப்புப் பக்கம் பட்டனில் மாட்டும்படி வைக்கலாம். பள்ளி ஒத்துக்கொண்டால் துப்பட்டாவுக்குப் பதில் மேல் கோட்டே உத்தமம்.

ரெடிமேடும் அரசுச் சீருடையும்

ரெடிமேட் எடுத்தால் ஒரு சைஸ் மட்டும் பெரிதாக எடுங்கள், இரண்டு வேண்டாம். புரட்டிப் பார்த்துப் பின் தையலிலும் கீழ் மடிப்பிலும் உள்துணி இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் ஐந்தாவது முதல் பத்தாவது வரை, வளர்ச்சி வேகமான வருஷங்களில், தைத்துப் போடுவது லாபம். முதல் இரண்டாம் வகுப்புக்கு முழு எலாஸ்டிக் இடுப்பு ரெடிமேடே போதும்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் சத்துணவுத் திட்டத்தில் உள்ள 1 முதல் 8 வரையிலான பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நாலு செட் விலையில்லாச் சீருடை தருகிறார்கள். தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். நாலும் ஒரே நாளில் வராது, தவணையாக வரும். பள்ளி திறக்கும்போது பழைய செட் ஒன்றாவது உடுத்தும் நிலையில் இருக்கட்டும். வந்ததும் பெரிதாக இருந்தால் வெட்டிக் குறைக்காதீர்கள். வெட்டிய துணி திரும்ப வராது. பக்கத்தில் பெரிய தையலாக, ஒரு இன்ச்சுக்கு ஆறு ஏழு விழும்படி, உள்ளே பிடித்து ஓட்டினால் அடுத்த வருஷம் நூலை உருவினால் போதும். நாலு செட்டும் வந்தால் இரண்டை அளவுக்குப் பிடித்து, இரண்டைக் கைபடாமல் அடுத்த அரையாண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஹவுஸ் டி-ஷர்ட்டுக்குத் திருப்பூரை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். காதர்பேட்டையில் சில்லறையாகவே கிடைக்கும். 180 முதல் 220 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வரையிலான பிக்கே என்ற சொரசொரப்பான பின்னல் துணி பிள்ளைகளுக்குச் சரி. அதற்குக் கீழே போனால் உள்ளே பனியன் தெரியும். வாங்கும் முன் இரண்டு தோள் தையலையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நேராக விழ வேண்டும். ஒன்று முன்னால் வந்து முறுக்கி நின்றால் பின்னல் துணியைத் தைக்கும் முன் சரியாகப் பதப்படுத்தவில்லை என்று பொருள். துவைக்கத் துவைக்க முறுக்கு ஏறும்.

துவைப்பதும் கறையும்

வெள்ளைச் சட்டை பழுப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் போர்வெல் தண்ணீர். கடினத் தண்ணீரில் கட்டி சோப்பு நுரைக்காமல் திரிந்து, வெள்ளை வெள்ளையாகத் துணியிலேயே படியும், அதில் அழுக்கு ஒட்டும். நொய்யல் கரையோர ஊர்களிலும் உப்புத் தண்ணீர் வரும் மற்ற ஊர்களிலும் கட்டி சோப்பை விட்டுவிட்டு நல்ல டிடர்ஜென்ட் பவுடருக்கு மாறுங்கள். வெள்ளைத் துணியைக் கடைசியாக அலசும் ஒரு வாளிக்கு மட்டும் குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கொடுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தக் கவலை இல்லை. சொட்டு நீலத்தைத் துணிமேல் நேராகச் சொட்டாமல் வாளித் தண்ணீரில் கலக்கிய பிறகே துணியை முக்க வேண்டும். வெள்ளைக்கு என்று குளோரின் பிளீச்சை வாரம் தோறும் ஊற்றாதீர்கள். பாலியஸ்டர் கலந்த வெள்ளையை அது மஞ்சளாக்கும், தையல் நூலையும் இற வைக்கும்.

செம்மண் ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் நூலுக்குள் ஏறும். காயவிட்டு, உதறி, பிரஷால் தட்டி, பிறகு பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள். பேனா மைக்கு, அடியில் பழைய துணி வைத்து, பஞ்சில் சானிடைசர் தொட்டு ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். மஞ்சள் குழம்புக் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசியதும் மஞ்சளாகத் திரும்பும், இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டால் மறையும். சாயத் துணியை மட்டும் புரட்டி நிழலில் காயப் போடுங்கள். கரும் பேன்ட்டைப் புரட்டியோ, மேலே ஈரத்துணி விரித்தோ இஸ்திரி போட வேண்டும். நேராகப் போட்டால் சீட்டிலும் முட்டியிலும் பளபளப்பு ஏறி, அது போகவே போகாது.

பள்ளி விதிகள்

ரெட்டைச் சடை, ரிப்பன் நிறம், நகம், முடி வெட்டு எல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும், கேட்டுச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: கையில் நிறக் கயிறு கட்டி அனுப்பாதீர்கள். நாங்குநேரியில் சாதிப் பகையில் சக மாணவர்களே ஒரு மாணவனை வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளிக்குள் வரக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. தென் மாவட்டத்துச் சங்கதி என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி தெரியத்தான் சீருடை போடுகிறோம். கோயில் கயிறாகவே இருந்தாலும் வீட்டில் இருக்கட்டும்.

வருஷத் தொடக்கத்தில் புதிய பஸ் பாஸ் வரும் வரை, சீருடையோ பழைய பாஸோ இருந்தால் அரசு பஸ்ஸில் கட்டணமில்லாமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்று சில வருஷங்களாக அறிவிப்பு வருகிறது. தையல் கடையில் துணி தேங்கினால் இதிலும் பிள்ளைக்குத்தான் இடைஞ்சல்.

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். சாக்ஸ் போட்டு நிற்க வைத்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் பாருங்கள். அதற்கு மேல் இடம் விட்டால் குதிகால் தேயும்.

மடிப்பைப் பிரிப்பது

அரையாண்டுப் பரீட்சை லீவில் பிள்ளையை ஷூ போட்டு நிற்க வைத்துப் பாருங்கள். ஒரு இன்ச் குறைந்திருந்தால் அப்போதே பிரிக்கலாம். எம்மிங் நூலை மேலிருந்து வெட்டாமல், உள்பக்கம் இரண்டு மூன்று தையலுக்கு ஒன்றாக நறுக்கி உருவுங்கள். மடிப்புக்குள் சேர்ந்த தூசியைப் பிரஷால் தட்டிவிட்டு முதலில் துவையுங்கள். தூசியோடு இஸ்திரி போட்டால் கோடு கறையாகப் பதியும். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, மூலையில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, பழைய மடிப்புக் கோட்டில் தடவி, மேலே ஈரத்துணி விரித்து நடுத்தரச் சூட்டில் அழுத்துங்கள். பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். மடிப்புத் தடம் இதில் போகும். வெயிலில் வெளுத்த துணியில் நிறக் கோடு மட்டும் நிற்கும். அதற்குத்தான் முதலிலேயே சாயம் கெட்டியான துணி பார்ப்பது. நின்றேவிட்டால் அந்தக் கோட்டின்மேலேயே ஒரு கால் இன்ச் மடிப்பு எடுத்து உள்பக்கமாகத் தைத்துவிடலாம், அரை இன்ச் நீளம் குறையும்.

முதல் தரம் முழு மூன்று இன்ச்சையும் இறக்கிவிடாமல் ஒன்றரை இன்ச் இறக்கி, மீதியைத் திரும்ப மடித்து எம்மிங் செய்யுங்கள். இடுப்பும் அப்படியே, முதலில் ஒரு இன்ச். வருஷக் கடைசியில் சின்னதாகிப் போன சீருடையைத் துவைத்து, கஞ்சி போடாமல் காயவைத்து எடுத்து வையுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி அரிக்கும். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள், வாங்குகிறவர்கள் பிரித்தோ பிடித்தோ தைத்துக்கொள்ள மே மாதம் முழுக்க அவர்களுக்குக் கிடைக்கும்.